‘இவர் என்ன செய்வாரோ’ என்று நான் சொன்னது

கதவைத் திறந்தது நான்தான்.

மாலை ஐந்து மணி இருக்கும். ஒஸ்லோவில் நவம்பர் மாதத்து ஐந்து மணி என்றால் வெளியே கும்மிருட்டு. மாடிப்படி விளக்கின் கீழே இரண்டு பொலிஸார் நின்றார்கள். ஒருவர் பெண், முப்பத்தைந்து வயது மதிக்கலாம், பொன்னிறத் தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தார். மற்றவர் இளைஞர். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு என் தோளுக்கு மேலால் வீட்டுக்குள்ளே பார்த்தார்கள்.

உள்ளே என் கணவர் ஒரு காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, மற்றதைத் தேடியபடி கத்திக்கொண்டிருந்தார். மகள் ஆரணி மேசைக்கு அடியில் இருந்து அழுதாள். என் இடது கண் வீங்கி மூடிவிட்டது. கழுவிய பிறகும் உதடு கசிந்தது. வேலைச் சட்டையின் முன்பக்கமெல்லாம் இரத்தம்.

இப்படி ஒரு வீட்டைப் பார்க்கிற எவரும் என்ன நினைப்பார்களோ, அதைத்தான் அவர்களும் நினைத்தார்கள். அதில் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் கோபமில்லை. அதற்குப் பிறகு நான் வாய் திறந்து சொன்னதைக் கேட்காமல் விட்டார்களே, அதைச் சரிப்படுத்தத்தான் எனக்கு நாலு வருஷம் பிடித்தது.

சுரங்கப் பாதை

முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை கிடைத்த கதையை இந்தத் தொடரில் சென்ற கிழமை எழுதியிருந்தேன். அந்த வேலையில் எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். பகல் வேலை முடிந்து, வழியில் நம்மவர் கடைகள் இருக்கிற குறொன்லாண்டில் இறங்கி வெண்டிக்காயும் கருவேப்பிலையும் வாங்கிக்கொண்டு, மறுபடி சுரங்க ரயில் ஏறி, எங்கள் வீடு இருக்கிற புருசெத்தில் இறங்கினேன்.

ரயில் நிலையத்திலிருந்து எங்கள் அடுக்குமாடிகளுக்குப் போக, வீதிக்குக் கீழால் ஒரு சிறிய நடைபாதை இருக்கிறது. பகலில் பிள்ளைகள் சத்தம் போட்டு எதிரொலி கேட்டு விளையாடுகிற இடம். அன்று அங்கே ஒரு விளக்கு எரியவில்லை. ஈரச் சருகின் மணம்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ அவசரமாகப் போகிறார்கள் என்று வழிவிட்டு ஒதுங்கினேன். அடி கன்னத்தில் விழுந்தது. சுவரில் மோதி விழப்போன என்னை அவன் பின்னாலிருந்து பிடித்து, வாயைப் பொத்தி, வெளியே செடிப் பற்றைப் பக்கம் இழுத்தான். நான் திமிறினேன். மறுபடி அடித்தான். மறுபடி பொத்தினான். அப்போது என் காதுக்குள்ளே சொன்னான்: "சோ, சோ."

நோர்வேக்காரர் அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொடுத்துச் சொல்கிற சொல் அது. நாங்கள் "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்போமே, அதுபோல. முதியோர் இல்லத்தில் குளிக்கப் பயப்படுகிற கிழவிகளுக்கு நானே நாள் முழுதும் சொல்கிற சொல். அதை அந்த வாயிலிருந்து கேட்டபோது எனக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. பொத்தியிருந்த கையைக் கடித்தேன். பெருவிரலுக்குக் கீழே உள்ள சதை. என் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடுமட்டும் கடித்தேன்.

அவன் அலறினான். அந்த நேரம் பார்த்து ஒரு சைக்கிள் வெளிச்சம் பாதைக்குள் திரும்பியது. அவன் பற்றைக்குள் பாய்ந்து ஓடினான். சைக்கிளில் வந்தவர் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் என்னைக் கடந்து போனார்.

நான் வீட்டுக்குப் போனேன். ஏன் அங்கேயே நின்று பொலிசைக் கூப்பிடவில்லை என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். பொலிசைத் தேடி ஓடிப் பழகியவர்களா நாங்கள்? யாழ்ப்பாணத்தில் ஏதாவது நடந்தால் எல்லாரும் வீட்டுக்குத்தான் ஓடுவோம். கால் அந்தப் பழக்கத்தில் போனது. வீட்டுக்குள் வந்ததும் நேரே குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். அவனுடைய இரத்தத்தின் ருசி போகுமட்டும் வாயைக் கொப்பளித்தேன். அதுவும் செய்திருக்கக் கூடாதாம், ஆதாரம் போய்விடுமாம். பிறகு யாரும் கேட்காத அந்த இரத்தச் சட்டையையும் தோய்த்துவிட்டேன். எனக்கு யார் சொல்லித் தந்தது?

என் கணவர் வாசலில் நின்று கத்தினார். "ஆர் அவன்? எந்தப் பக்கம் போனவன்? சொல்லு வதனி, எந்தப் பக்கம்?" கீழ்வீட்டில் தனியாக இருந்த பெரித் என்ற வயதான நோர்வேப் பெண் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பொலிசைக் கூப்பிட்டார்.

ஒரே ஒரு வசனம்

பொலிஸார் எங்களைப் பிரித்தார்கள். பெண் அதிகாரி என்னோடு இருந்தார். இளைஞர் என் கணவரைச் சமையலறைக்குள் கூட்டிப்போய்த் தோளில் கை வைத்தார்.

தோளில் அந்தக் கை பட்டதும் என் கணவர் முழங்காலில் நின்று, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஊரில் சோதனைச்சாவடிகளில் பழக்கப்பட்ட உடம்பு அது. சீருடைக்காரன் தொட்டால் என்ன செய்ய வேண்டும் என்று மூளையைக் கேட்காமலே அதற்குத் தெரியும். அந்த இளைஞர் திகைத்து ஒரு அடி பின்வாங்கினார். குற்றம் செய்யாதவன் ஏன் மண்டியிட வேண்டும் என்று அவர் யோசித்திருப்பார்.

எனக்கு நோர்வேஜிய மொழி ஓரளவு தெரியும். அன்று ஒரு சொல்லும் நாக்கில் வரவில்லை. தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். தமிழ்நாட்டுக்காரர். "மேடம், பதட்டப்படாதீங்க. கொஞ்சம் மெதுவா சொல்லுங்க," என்றார். தன்மையான மனிதர்.

சொன்னேன். நடைபாதை, விளக்கு, கை, கடி, "சோ சோ" எல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கையில் திறந்திருந்த கதவின் வழியே இவர் முழங்காலில் நிற்பது தெரிந்தது. முகம் கறுத்துப்போய் இருந்தது. விட்டால் எழும்பி ஓடி, புருசெத் முழுக்கத் தேடி, அந்த ஆளையோ வேறு யாரையோ பிடித்து என்ன செய்வார் என்று தெரியாது. அந்த எண்ணத்தில் வாயில் வந்துவிட்டது:

"இவர் என்ன செய்வாரோ எண்டுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லும் பிசகாமல் அதைச் சொன்னார். என் கணவர் என்ன செய்வாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அவரில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. நான் சொன்னது அதுதான்.

பெண் அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பெயர் இங்குன். "இனி நீங்கள் பயப்படத் தேவையில்லை," என்றார். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார்.

என் கணவரைக் கொண்டு போய்விட்டார்கள்.

காப்பாற்ற வந்தவர்களும் பொறுக்கச் சொன்னவர்களும்

அடுத்த நாள் பொலிஸ் நிலையத்தில் இங்குன் எனக்குக் கோப்பி தந்தார். பெண்களும் பிள்ளைகளும் பாதுகாப்பாகத் தங்குகிற ஒரு வீடு இருக்கிறது, இன்றைக்கே போகலாம் என்றார்.

"எனக்கு அது தேவையில்லை. என்னை அடித்தவனைத் தேடுங்கள்."

"வதனி, கணவரைக் காப்பாற்ற நிறையப் பெண்கள் இப்படி ஒரு தெரியாத ஆளைச் சொல்வார்கள். அது உங்கள் பிழையில்லை."

"நான் அவரைக் காப்பாற்றவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்."

"அவர் என்ன செய்வாரோ என்று பயம் என்று நீங்களே சொன்னீர்களே?"

அந்த வசனத்தை விளக்கினேன். தமிழில் யோசித்து, நோர்வேஜிய மொழியில் தட்டுத்தடுமாறி விளக்கினேன். இங்குன் தலையாட்டினார். மறதி நோய் வந்த கிழவிகள் "இப்ப அம்மா வந்திடுவா" என்று சொல்லும்போது நாங்கள் தலையாட்டுவோமே, அந்தத் தலையாட்டல்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். முறைப்பாடு கொடுக்காவிட்டாலும் வீட்டு வன்முறையைப் பொலிஸ் விசாரிக்கும் என்ற சட்டத்துக்கு நான் எதிரி இல்லை. என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணை அவளுடைய புருஷன் உண்மையாகவே அடித்தான். அவளும் விழுந்துவிட்டேன், கதவில் இடித்துவிட்டேன் என்றுதான் சொல்லித் திரிந்தாள். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் அவள் இன்று உயிரோடு இருப்பாளா தெரியாது. ஆனால் அவள் சொன்ன பொய்யும் நான் சொன்ன உண்மையும் கேட்கிறவர் காதில் ஒரே மாதிரி விழுந்தன. என்ன செய்ய?

நம்மவர்கள் மட்டும் நம்பினார்களா? குறொன்லாண்டில் மரக்கறி வாங்கப் போனபோது கடைக்கார அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"தங்கச்சி, புருசன் பொஞ்சாதிக்குள்ளை நாலும் இருக்கும். பொலிஸ் வரைக்கும் கொண்டு போயிருக்கத் தேவையில்லை. கொஞ்சம் பொறுத்துப் போங்கோ."

"அக்கா, இவர் அடிக்கேல்லை. ரோட்டிலை ஒருத்தன் அடிச்சவன்."

"ஓம் ஓம், எனக்கு விளங்குது," என்று சொல்லி, கேட்காமலே இன்னொரு பிடி கருவேப்பிலையை அள்ளிப் பைக்குள் போட்டார்.

ஒரு பக்கம் என்னைக் காப்பாற்ற வந்தது. மறுபக்கம் என்னைப் பொறுக்கச் சொன்னது. அடித்தது யார் என்பதில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

ஆரணி கையை விட்ட இடம்

இரண்டாம் நாள் என் கணவரை விட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தது.

பிள்ளைகள் நலத் துறையிலிருந்து ஒரு பெண் ஆரணியின் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஆரணி அப்போது இரண்டாம் வகுப்பு. நிறப் பென்சிலும் கடதாசியும் கொடுத்து, பக்கத்தில் இருந்து, அப்பா அம்மாவை அடிப்பாரா என்று கேட்டாராம். இல்லை என்றாளாம். கொஞ்ச நேரம் படம் கீறவிட்டு மறுபடி கேட்டாராம். பிறகு வேறு மாதிரி இன்னொரு தரம்.

"அம்மா, நான் பிழையாச் சொல்லிப்போட்டனா?" என்று வந்து கேட்டாள். "ஏன் அவ திரும்பத் திரும்பக் கேட்டவ?"

அதற்குப் பிறகு ஒரு காலை. யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் கணவர் அவளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறார். முதல் பனி விழுந்து பாதை வெள்ளையாகக் கிடக்கிறது. பள்ளி வளவுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் அப்பாவின் கையை விட்டுவிட்டுத் தள்ளி நடந்தாள். அன்று பின்னேரம் அவர் சொன்னார்.

"'அவை பாக்கினம் அப்பா, கையை விடுங்கோ' எண்டு சொன்னவள். நான் அவளின்ரை கையை இறுக்கிப் பிடிச்சால் அதையும் பிழையா நினைப்பினம் எண்டு பிள்ளை யோசிக்குது."

அவர் ஊரில் கணித ஆசிரியர். ஒஸ்லோவில் பல வருஷம் ஹோட்டலில் கோப்பை கழுவி, அந்த ஆண்டுதான் ஒரு பள்ளிக்கூடத்தில் பிற்பகல் நேரப் பிள்ளைகளைப் பார்க்கிற உதவியாளராகச் சேர்ந்திருந்தார். பிள்ளைகளோடு வேலை செய்கிறவர் மீது இப்படி ஒரு வழக்கு இருக்கக் கூடாது. அதிபர் மரியாதையாகப் பேசி, கைகொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் மறுபடி ஹோட்டலுக்குப் போனார்.

"விடு, வதனி"

கோடைக்கு முன்னால் இங்குன் அழைத்து, வழக்கை மூடிவிட்டார்கள் என்றார். காரணம், ஆதாரம் போதாது.

சமையலறையில் என் கணவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மூடிட்டினம்," என்றேன்.

"நல்லது. இனி விடு, வதனி. காணும்."

"என்ன நல்லது? ஆதாரம் போதாது எண்டால் என்ன அர்த்தம்? செய்திருப்பார், பிடிபடேல்லை எண்டுதானே? நீங்கள் செய்யேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்."

"ஆரணிக்கு?"

அவர் கத்தியை வைத்தார்.

"அவன் இப்பவும் வெளியிலை திரியிறான்," என்றேன். "எனக்குச் செய்தவன் இன்னொருத்திக்குச் செய்ய மாட்டானா? நான் விடமாட்டன். நீங்கள் வரத் தேவையில்லை. நான் போறன்."

போனேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, சில நேரம் அதற்கு முதலும், வேலை முடிந்து பொலிஸ் நிலையத்துக்குப் போவேன். வரவேற்பில் இருந்தவர்களுக்கு என் பெயரை எழுத்துக்கூட்டத் தேவையில்லாமல் போயிற்று. "என்னை அடித்த ஆளைப் பற்றி ஏதாவது தெரிந்ததா?" என்று கேட்பேன். இங்குன் வெளியே வந்து, என் முகத்தையும் கைகளையும் ஒருதரம் பார்த்துவிட்டு, "வீட்டில் எல்லாம் நல்லபடியா?" என்று கேட்பார். அவர் காயம் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். குட்டைக் கைச் சட்டை போட்டுக்கொண்டு போகத் தொடங்கினேன். பார்க்கட்டும்.

மாலை வகுப்பில் சேர்ந்து நோர்வேஜிய மொழியை ஒழுங்காகப் படித்தேன். மற்றவர்கள் நல்ல வேலைக்காகப் படித்தார்கள். நான் பொலிஸ் நிலையத்தில் கதைப்பதற்காகப் படித்தேன். "அவன்", "இவர்", "பயம்" என்ற மூன்று சொற்களையும் யாரும் குழப்ப முடியாதபடி எப்படி ஒரு வசனத்தில் வைப்பது என்று ஆசிரியையிடம் கேட்டு எழுதிப் பார்த்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

முதியோர் இல்லத்தில் "சோ, சோ" என்று சொல்வதை விட்டுவிட்டேன். அழுகிற கிழவிகளுக்குத் தமிழில் "ஒண்டுமில்லையணை" என்று சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

படி கழுவும் முறை

இங்கே அடுக்குமாடிகளில் மாடிப்படி கழுவுவதற்கு ஒரு முறை உண்டு. கிழமைக்கு ஒரு வீடு. எங்கள் முறை வந்த மூன்றாம் வருஷத்து ஒரு சனிக்கிழமை, வாளியும் துடைப்பமுமாகக் கீழே போய்க்கொண்டிருந்தேன். பெரித் கதவைத் திறந்தார். அந்த நவம்பருக்குப் பிறகு நாங்கள் தலையசைப்பதோடு சரி. பொலிசைக் கூப்பிட்டவர் என்ற ஆத்திரம் எனக்கு. அவருக்கு என்னோடு என்ன கதைப்பது என்று தெரியவில்லை.

"உன் கணவர் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்," என்றார். "என்னில் கோபமா?"

"அவருக்கு வெட்கம்," என்றேன். "செய்யாததுக்கு வெட்கப்படுகிறார்."

பெரித் என்னைக் கூர்ந்து பார்த்தார். "அந்த இரத்தத்தை நான்தான் கழுவினேன். அந்தக் கிழமை என் முறை. கீழே பெரிய கதவிலிருந்து உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் சொட்டுச் சொட்டாக."

வாளியைக் கீழே வைத்தேன். "பெரிய கதவிலிருந்தா?"

"கதவுக்கு வெளியிலும். நீ அடி தாங்காமல் வெளியே ஓடிப்போய்த் திரும்பி வந்திருப்பாய் என்று நினைத்தேன்."

"பெரித், அன்று முதலில் என்ன சத்தம் கேட்டது? யோசித்துச் சொல்லுங்கள்."

அவர் படியில் இருந்துவிட்டார். கண்ணை மூடி யோசித்தார். "பெரிய கதவு மூடின சத்தம். பிறகு யாரோ மெதுவாக ஏறினார்கள், முனகிக்கொண்டு. அது நீதான். அதற்கு முதல் உங்கள் வீட்டில் சத்தமே இல்லை. பிள்ளை சிரித்த சத்தம் மட்டும் கேட்டது." கண்ணைத் திறந்தார்.  "நீ வந்த பிறகுதான் அவர் கத்தினார். கடவுளே! நீ ஏற்கெனவே அடிபட்டு வந்திருக்கிறாய்."

"இதைப் பொலிசுக்குச் சொன்னீர்களா?"

"கூப்பிட்டதற்கு நன்றி சொன்னார்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை."

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேருமாகப் போனோம். பெரித் தேவாலயத்துக்குப் போடுகிற நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். இங்குன் எல்லாவற்றையும் எழுதி எடுத்தார். சில கிழமைகளில் பதில் வந்தது. இவ்வளவு காலம் கழித்து வருகிற ஒரு ஞாபகத்தை வைத்து வழக்கைத் திறக்க முடியாதாம். மேல் இடத்துக்கு முறையிட்டோம். அங்கேயும் அதே பதில்.

பெரித் அழுதார். நான் அழவில்லை. உலகத்தில் என்னை நம்புகிற ஆட்களின் தொகையில் ஒன்று கூடியிருந்தது. அன்றிரவு என் கணவர் ஒரு தட்டில் வடை எடுத்துக்கொண்டு கீழே போய், பெரித்தின் கதவைத் தட்டினார்.

பத்திரிகையில் இரண்டு சொல்

அதற்குப் பிறகு இன்னொரு குளிர்காலமும் போய், இளவேனில் வந்தது. முதியோர் இல்லத்து இடைவேளை அறையில் யாரோ விட்டுப்போன பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதே ரயில் பாதையில் வேறொரு நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாணவியை ஒருவன் தாக்கியிருக்கிறான். அவள் போட்ட சத்தத்தில் ஆட்கள் ஓடிவந்து அவனைப் பிடித்துவிட்டார்கள். வாயைப் பொத்திக்கொண்டு, பிள்ளையைத் தேற்றுவது போல "சோ, சோ" என்று சொன்னான் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

மேலாளரிடம் சொல்லிவிட்டு, வேலை உடுப்போடேயே போனேன். இங்குன் வெளியே வந்து, வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தார். நான் பத்திரிகையை நீட்டினேன்.

"இதே சொல்லை நான் உங்களுக்கு முதல் நாளே சொன்னேன். நீங்கள் எழுதினதைப் பார்த்தேன். கடித்ததையும் சொன்னேன். போய் அவனுடைய கையைப் பாருங்கள். இடது கை, பெருவிரலுக்குக் கீழே."

"வதனி…"

"கையைப் பாருங்கள். தழும்பு இல்லாவிட்டால் இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்."

அவர் வாசித்தார். பிறகு பத்திரிகையோடு உள்ளே போனார். சுவரோர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். உடுப்பில் கிருமிநாசினி மணத்தது. நீண்ட நேரத்துக்குப் பிறகு இங்குன் திரும்பி வந்து, எனக்கு முன்னால் நிற்காமல் பக்கத்தில் வந்து இருந்தார். 

"இருக்கிறது," என்றார்.

நீதிமன்றமும் ஒரு சனிக்கிழமையும்

வழக்கு இலையுதிர் காலத்தில் வந்தது. மாணவியின் பெயர் கிறிஸ்தின். அவளுக்குச் செய்ததை அவன் ஒப்புக்கொண்டான். எனக்குச் செய்ததை மறுத்தான். தழும்பு நாய் கடித்ததாம். முதல் தடவையாக அவனுடைய முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். சாதாரண முகம். ரயிலில் பக்கத்தில் இருந்தால் இரண்டாம் தரம் பார்க்க மாட்டீர்கள்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். வேண்டாம் என்றேன். நானே சொன்னேன். பெரித் நீலக் கோட்டோடு வந்து, கதவு, காலடி, பிள்ளை சிரித்த சத்தம் எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். அவனுடைய வழக்கறிஞர், இத்தனை காலம் கழித்து எப்படி ஞாபகம் என்று கேட்டார். "என் கையால் கழுவின இரத்தம்," என்றார் பெரித். "மறப்பதற்கு அது கோப்பிக் கறையா?"

இரண்டு குற்றத்துக்கும் அவன்தான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. வெளியே நடைவழியில் கிறிஸ்தின் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உங்களை அன்றே நம்பியிருந்தால் எனக்கு இது நடந்திருக்காது," என்றாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை.  தலையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நாளில் என் கணவரின் பழைய வழக்கு மூடப்பட்ட காரணத்தையும் மாற்றினார்கள். ஆதாரம் போதாது என்பது போய், அவர் அதைச் செய்யவில்லை என்று ஆயிற்று. பழைய பள்ளிக்கூட அதிபர் அழைத்து, மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். போவதா விடுவதா என்று என் கணவர் இரண்டு நாள் யோசித்தார். போனார்.

பிறகு இங்குன் தொலைபேசியில் அழைத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும், பொலிஸ் நிலையத்துக்கு வர முடியுமா என்றார்.

"முடியாது," என்றேன். "நான் போதிய தடவை வந்துவிட்டேன். நீங்கள் வீட்டுக்கு வாருங்கள். இவர் நிற்கிற நேரம் வாருங்கள்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சீருடை இல்லாமல் வந்தார். நான் தேநீர் வைத்தேன். ஆரணி சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். இங்குன் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, என் கணவரைப் பார்த்துப் பேசினார். தவறு செய்துவிட்டோம், உங்கள் பெயரைக் கெடுத்தோம், உங்கள் வேலை போனது, அதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். ஒன்றையும் விடாமல் சொன்னார்.

 என் கணவர் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாக, நல்ல நோர்வேஜிய மொழியில் சொன்னார்.

"என்னைச் சந்தேகப்பட்டது எனக்கு விளங்குகிறது. அன்று உங்கள் இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். எனக்கு விளங்காதது வேறு. அடி வாங்கினது இவள். அங்கே என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் இவள். இத்தனை வருஷத்தில் ஒரு தரமாவது, நடுவில் நிறுத்தாமல், இவள் சொன்னதை முழுதாகக் கேட்டீர்களா?"

இங்குன் என் பக்கம் திரும்பினார். "இல்லை," என்றார்.

"நீதிமன்றத்தில் சொன்னது கேள்விக்குப் பதில்," என்றேன். "நான் முழுதாக இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. நேரம் இருக்கிறதா?"

"இருக்கிறது."

ஆரணி புத்தகங்களை அடுக்கிக்கொண்டு தன் அறைக்குப் போக எழும்பினாள். பதினொரு வயதாகிவிட்டது. பெரியவர்கள் கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்விட வேண்டும் என்று அவளாகவே பழகியிருந்தாள். அந்த நடைபாதையில் என்ன நடந்தது என்று அவளிடம் நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

"நீயும் இரு, பிள்ளை," என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். புத்தகங்களை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். நான் சொல்லத் தொடங்கினேன்.